ஓபியாய்டு ஓவர்டோஸ் தடுப்பும் தீங்கு குறைப்பும்: மருத்துவ மாணவர்களுக்குப் பாடம் நடத்த ஒரு முழுமையான வழிகாட்டி

மூச்சு அடங்கிக்கொண்டிருக்கும் ஒருவரின் பக்கத்தில் மண்டியிட்டு உட்காரும்போது, மருந்தியல் வகுப்பில் மனப்பாடம் செய்தது எதுவும் உதவிக்கு வராது. கை பழகியது மட்டும்தான் வரும். மார்ஃபின், ஹெராயின் போன்ற ஓபியாய்டுகள் மூளையில் பற்றிக்கொள்ளும் மியூ ஏற்பியின் வேலையைக் கேட்டால் மாணவர்கள் தடுமாறாமல் சொல்வார்கள். அதே மாணவர்களின் கையில், ஓபியாய்டின் விளைவை முறிக்கும் நலோக்சோன் ஸ்ப்ரேயைக் கொடுத்துப் பாருங்கள். உறையை எங்கே பிரிப்பது என்று தெரியாமல் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். அது அவர்கள் குற்றமில்லை. நாம் அப்படித்தான் நடத்தியிருக்கிறோம்.

மருத்துவக் கல்லூரி ஆசிரியர்களுக்கும், இளையவர்களுக்குப் பயிற்சி கொடுக்க முன்வரும் மூத்த மாணவர்களுக்கும் இதை எழுதுகிறேன். மூன்று மணி நேர அமர்வு ஒன்றை மனதில் வைத்திருக்கிறேன். ஒரு மணி நேரம்தான் கிடைக்கும் என்றால் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி, 2019-இல் போதைப்பொருள் பயன்பாட்டால் உலகம் முழுவதும் சுமார் 6 லட்சம் பேர் இறந்தார்கள். அவற்றில் ஏறக்குறைய 80 சதவீத மரணங்கள் ஓபியாய்டு தொடர்பானவை. அந்த மரணங்களில் நாலில் ஒன்று ஓவர்டோஸ். அமெரிக்காவில் மட்டும் 2022-இல் 80,000-க்கும் மேற்பட்டவர்கள் ஓபியாய்டு ஓவர்டோஸில் இறந்தார்கள். இத்தனைக்கும் இதற்கு முறிவு மருந்து இருக்கிறது. நலோக்சோன் 1960-களின் தொடக்கத்தில் உருவானது; 1971-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அரை நூற்றாண்டாக மருந்து கையில் இருந்தும் இத்தனை பேர் சாகிறார்கள் என்றால், அது உரிய நேரத்தில் உரியவர் கையில் இல்லை என்றுதான் பொருள்.

படி 1: முடிவிலிருந்து திட்டமிடுங்கள்

முதலில் ஒரே ஓர் இலக்கை எழுதி வையுங்கள். அமர்வு முடிந்து வெளியே போகும் ஒவ்வொரு மாணவரும், மருத்துவம் படிக்காத ஒருவருக்கு, ஏழெட்டு நிமிடத்தில், ஓவர்டோஸ் என்றால் என்ன, வந்தால் என்ன செய்வது என்று சொல்லிக்கொடுக்கத் தெரிந்திருக்க வேண்டும். மற்ற எல்லாவற்றையும் இந்த ஒன்றிலிருந்து பின்னோக்கிக் கட்டுங்கள்.

ஏன் இந்த இலக்கு? ஓவர்டோஸ் பெரும்பாலும் வீட்டில், படுக்கையறையில், கழிவறையில், நண்பர்கள் நடுவே நடக்கிறது. அங்கே டாக்டர் இருப்பதில்லை. அம்மா இருப்பார், தம்பி இருப்பார், கூட எடுத்தவர் இருப்பார். நலோக்சோனைத் தனக்குத் தானே போட்டுக்கொள்ளவும் முடியாது. மயங்கிக் கிடப்பவருக்கு இன்னொருவர்தான் போட வேண்டும். இதைச் சிகாகோவில் தீங்கு குறைப்புப் பணியில் இருந்தவர்கள் 1996 வாக்கிலேயே உணர்ந்து, போதைப்பொருள் எடுப்பவர்கள் கையிலேயே நலோக்சோனைக் கொடுக்கத் தொடங்கினார்கள். ஓவர்டோஸை நேரில் பார்க்க வாய்ப்புள்ள யாருக்கும் நலோக்சோன் கிடைக்க வேண்டும், அதைப் போடவும் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பு 2014-இல் பரிந்துரைத்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இப்படிப் பயிற்சியும் மருந்தும் கொடுத்த ஊர்களில், கொடுக்காத ஊர்களைவிட ஓபியாய்டு ஓவர்டோஸ் மரண விகிதம் குறைந்தது என்று 2013-இல் வெளியான ஆய்வு காட்டியது.

ஒரு டாக்டர் தன் வாழ்நாளில் ஓவர்டோஸை நேரில் எத்தனை முறை பார்ப்பார் என்று சொல்ல முடியாது. ஆனால், அதைப் பார்க்கப் போகிற குடும்பத்தாரிடம் அவர் தினமும் பேசுகிறார். அந்தப் பேச்சில்தான் தடுப்பு நடக்கிறது.

படி 2: வகுப்புக்கு முந்தைய வேலைகள்

உங்கள் நாட்டில் நலோக்சோன் எந்த வடிவில் கிடைக்கிறது, டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்க முடியுமா, உதவிக்கு ஓடிவந்தவருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். இது இடத்துக்கு இடம் மாறும். அமெரிக்காவில் 4 மில்லிகிராம் மூக்கு ஸ்ப்ரே 2023 மார்ச்சில்தான் சீட்டில்லாமல் விற்க அனுமதி பெற்றது. வேறு பல இடங்களில் ஆம்பூல் மட்டுமே கிடைக்கிறது. உங்கள் மாணவர் நாளைக்குக் கையில் எடுக்கப்போவது எதுவோ, அதைவைத்தே பயிற்சி கொடுங்கள். கிடைக்காத ஸ்ப்ரேயைக் காட்டி வகுப்பெடுப்பதில் பயனில்லை.

பொருட்கள்: மூச்சு ஊதிப் பழகும் பொம்மை, பயிற்சி ஸ்ப்ரே அல்லது ஆம்பூல், சிரிஞ்சு, ஊதும்போது முகத்தில் வைக்கும் பாதுகாப்புத் திரை, சுவரில் நொடி முள் உள்ள ஒரு கடிகாரம். கடிகாரம் ஏன் என்பது பயிற்சியின்போது புரியும்.

ஓபியாய்டு பயன்படுத்திய அனுபவம் உள்ள ஒருவரைப் பேச அழையுங்கள். அழைக்கும்போது மூன்று விஷயங்கள் முக்கியம். அவர் நேரத்துக்குப் பணம் கொடுங்கள், வேறு எந்த விருந்தினருக்கும் கொடுப்பதுபோல. என்ன சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்பதை அவரே முடிவு செய்யட்டும். "திருந்திய கதை" மட்டும் வேண்டும் என்று கேட்காதீர்கள். இன்னும் எடுத்துக்கொண்டிருப்பவர் சொல்லும் அனுபவமும் பாடம்தான்.

அப்புறம், அந்த அறையில் இருக்கும் மாணவர்களில் சிலர் இதே காரணத்தால் வீட்டில் ஒருவரை இழந்திருக்கலாம். சிலர் தாங்களே எடுத்துக்கொண்டிருக்கலாம். தொடக்கத்திலேயே அதைச் சொல்லி, எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம், காரணம் கேட்க மாட்டோம் என்று தெளிவாக்குங்கள். பின்னால் யாரிடம் பேசலாம் என்பதையும் பலகையில் எழுதி வையுங்கள்.

படி 3: மூச்சிலிருந்து பாடத்தைத் தொடங்குங்கள்

முதல் இருபது நிமிடம் உடலியக்கம். ஏற்பிகளின் பட்டியலில் தொடங்க வேண்டாம். "ஓவர்டோஸில் மனிதர் எதனால் சாகிறார்?" என்று கேளுங்கள். விஷம், இதயம் என்று பதில்கள் வரும். மூச்சு என்ற பதில் வரும்வரை காத்திருங்கள்.

ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு கூடினால் மூளைத்தண்டு நம்மை மூச்சிழுக்க வைக்கிறது. தூக்கத்திலும் அந்த வேலை நிற்பதில்லை. மூச்சின் தாளத்தை உண்டாக்கும் நரம்பணுக்களை ஓபியாய்டு மந்தமாக்குகிறது. கார்பன் டை ஆக்சைடு ஏறினாலும் உடல் பதறுவதில்லை. மூச்சு மெதுவாகிறது, ஆழம் குறைகிறது, பிறகு நிற்கிறது. ஆக்சிஜன் இல்லாத மூளை சில நிமிடங்களிலேயே பழுதாகத் தொடங்குகிறது. இதயம் கடைசியாகத்தான் நிற்கிறது. ஆகவே இடையில் ஒரு இடைவெளி இருக்கிறது. இந்த வகுப்பு முழுவதும் அந்த இடைவெளியைப் பற்றியதுதான் என்று சொல்லுங்கள்.

அறிகுறிகள் மூன்று: எழுப்ப முடியாத மயக்கம், குறைந்த மூச்சு, ஊசிமுனை போலச் சுருங்கிய கண்மணி. இவற்றில் மூச்சுக்கே முதலிடம். நிமிடத்துக்கு 12-க்குக் கீழே போனாலே சந்தேகப்பட வேண்டும். கண்மணியை மட்டும் நம்பிவிடக் கூடாது. பெத்திடின் போன்ற சில ஓபியாய்டுகளிலும், பல பொருட்கள் கலந்திருக்கும்போதும், மூளை ஏற்கெனவே ஆக்சிஜன் இழந்திருக்கும்போதும் அது சுருங்காமல் இருக்கலாம். உதடு நீலமாவது மாநிறத்திலும் கருநிறத்திலும் வெளியே தெரியாது. உதட்டின் உள்பக்கம், ஈறு, நகக்கண் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். தோல் சாம்பல் பூத்தாற்போல இருக்கும்.

குறட்டையைப் பற்றித் தனியாகச் சொல்லுங்கள். மூச்சுப்பாதை பாதி அடைபட்ட நிலையில் வரும் கனத்த, கொரகொரப்பான ஒலியைக் கேட்டு, "நன்றாகத் தூங்குகிறார்" என்று கதவைச் சாத்திவிட்டுப் போகிறார்கள் வீட்டில் இருப்பவர்கள். காலையில் வந்து பார்க்கும்போது எல்லாம் முடிந்திருக்கும். எழுப்பினால் எழாதவரின் குறட்டை ஓர் அபாய ஒலி. மாணவர்கள் குடும்பத்தாருக்குச் சொல்லவேண்டியவற்றில் இதை முதலிடத்தில் வைப்பேன்.

படி 4: யாருக்கு ஆபத்து அதிகம்?

இந்தப் பகுதியில் ஒரு சொல் முழுதாகப் புரிந்துவிட்டால் மற்றவை தாமாக வரும். அந்தச் சொல் தாங்குதிறன். தொடர்ந்து எடுப்பவரின் உடல் அதிக அளவைத் தாங்கப் பழகுகிறது. சில நாள், சில வாரம் நிறுத்தினால் அந்தத் தாங்குதிறன் போய்விடுகிறது. மனம் பழைய அளவையே நினைவில் வைத்திருக்கும். உடல் அதைத் தாங்காது. சிறையிலிருந்து வெளியே வருபவர், போதை மீட்பு மையத்திலிருந்து திரும்புபவர், மருத்துவமனையில் நீண்ட நாள் படுத்திருந்தவர் எல்லோருக்கும் இதே கதைதான். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் நடந்து 2007-இல் வெளியான ஆய்வு, விடுதலையான முதல் இரண்டு வாரத்தில் போதைமருந்து ஓவர்டோஸால் இறக்கும் ஆபத்து மற்ற மக்களைவிட 129 மடங்கு என்று காட்டியது. இந்த எண்ணைப் பலகையில் எழுதிவிட்டுச் சற்றுநேரம் பேசாமல் இருங்கள். "இருபது நாள் சுத்தமாக நிறுத்திவிட்டார்" என்று நாம் மகிழ்ந்து வழியனுப்பும் நாள்தான் அவருக்கு மிக ஆபத்தான நாள்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். பென்சோடயசெபின் (தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் தரும் மாத்திரை வகை), மது ஆகியவற்றோடு சேர்த்து எடுப்பது. தனியாக எடுப்பது. நுரையீரல், கல்லீரல், சிறுநீரக நோய், தூக்கத்தில் மூச்சுத்தடை. ஏற்கெனவே ஒருமுறை ஓவர்டோஸ் ஆகிப் பிழைத்திருப்பது. வீட்டில் பெரியவரின் வலி மாத்திரையைக் குழந்தை விழுங்கிவிடுவது. தெருச்சந்தையில் கிடைப்பதில் ஃபென்டனில் என்ற செயற்கை ஓபியாய்டு கலந்திருப்பது. அது மார்ஃபினைவிட 50 முதல் 100 மடங்கு வீரியம் கொண்டது, ஒரே பொட்டலத்தில்கூடச் சமமாகக் கலந்திருக்காது.

சீட்டு எழுதும் கையும் இந்தப் பட்டியலில் உண்டு. தினசரி ஓபியாய்டு அளவு, மார்ஃபினுக்கு நிகராகக் கணக்கிட்டால், 50 மில்லிகிராமை எட்டும்போதும், பென்சோடயசெபின் சேர்ந்திருக்கும்போதும் நலோக்சோனும் கொடுப்பதைப் பற்றிப் பேச வேண்டும் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2022 வழிகாட்டுதல் சொல்கிறது. அதே சமயம், பயந்துபோய் ஓபியாய்டைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. கடும் வித்ட்ராயல் உபாதை (பழகிய மருந்து நிற்கும்போது உடல் படும் பாடு), தாளாத வலி, தற்கொலை எண்ணம் வரை போகும் என்று அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2019-இல் எச்சரித்தது. தடுப்பு என்றாலே மருந்தை வெட்டுவது என்று மாணவர்கள் புரிந்துகொண்டால், வலியோடு இருக்கும் நோயாளிகள்தான் அதற்கு விலை கொடுப்பார்கள்.

படி 5: கைப்பயிற்சி

இதற்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். நான்கு பேருக்கு ஒரு பொம்மை. முதலில் நீங்கள் ஒருமுறை பேசாமல் செய்து காட்டுங்கள். பிறகு பேசிக்கொண்டே செய்யுங்கள். பிறகு மாணவர் சொல்ல நீங்கள் செய்யுங்கள். கடைசியாக அவரே சொல்லிக்கொண்டு செய்யட்டும்.

முதலில் எழுப்பிப் பார்ப்பது. பெயர் சொல்லி உரக்கக் கூப்பிட்டு, தோளை உலுக்கி, நெஞ்செலும்பின் மேல் விரல் முட்டிகளால் அழுத்தித் தேய்க்க வேண்டும். அசைவில்லை என்றால் ஆம்புலன்சுக்குச் சொல்ல வேண்டும். போலீஸ் வருமோ என்ற பயத்தில் பலர் கூப்பிடத் தயங்குவார்கள் என்பதை மறைக்காமல் பேசுங்கள். "எழுப்ப முடியவில்லை, மூச்சு சரியாக இல்லை, இந்த முகவரி" என்று சொன்னாலே உதவி கிளம்பிவிடும். வந்தவர்களிடம் என்ன எடுத்தார் என்பதைத் தெரிந்தவரை சொல்லலாம்.

அடுத்தது மூச்சு. தலையைப் பின்னால் சாய்த்து, தாடையை உயர்த்தி, வாயில் ஏதாவது இருந்தால் எடுத்து, மூக்கைப் பிடித்து முதலில் இரண்டு முறை ஊத வேண்டும். பிறகு ஐந்தாறு நொடிக்கு ஒருமுறை. நெஞ்சு உயர்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். நாடி இல்லை என்றாலும், நாடி பார்க்கத் தெரியாதவர் முன்னே ஒருவர் மூச்சே இல்லாமல் கிடந்தாலும், நெஞ்சழுத்தத்தோடு கூடிய முழு உயிர்ப்பிப்பைத் தொடங்க வேண்டும்.

அப்புறம் நலோக்சோன். ஸ்ப்ரே என்றால் உறையைப் பிரித்து, நுனியை ஒரு மூக்குத்துவாரத்தில் விரல்கள் மூக்கைத் தொடும்வரை நுழைத்து, ஒரே அழுத்தாக அழுத்த வேண்டும். "வேலை செய்கிறதா பார்க்கலாம்" என்று காற்றில் அழுத்திப் பார்த்தால் இருக்கும் ஒரே டோஸும் வீண். மாணவர்கள் பழக்கத்தால் இதைச் செய்துவிடுவார்கள், கவனியுங்கள். ஊசி என்றால் 0.4 மில்லிகிராம், தொடையிலோ மேற்கையிலோ, அவசரத்தில் துணிக்கு மேலாகவே தசையில் போடலாம்.

இப்போதுதான் கடிகாரம். மருந்து போட்ட பிறகு இரண்டு மூன்று நிமிடம் காத்திருந்து, மூச்சு திரும்பவில்லை என்றால் அடுத்த டோஸ். அந்த மூன்று நிமிடத்தை நிஜமாகவே ஓடவிடுங்கள். நாற்பது நொடியிலேயே மாணவர் அடுத்த டோஸுக்குக் கை நீட்டுவார். "காத்திருங்கள், மூச்சு ஊதுங்கள்" என்று சொல்லுங்கள். அந்தக் காத்திருப்பு எவ்வளவு நீளமானது என்பதை உடம்பில் உணர்ந்தவர்தான் பின்னாளில் ஒரு தாய்க்கு அதைப் பொறுமையாகச் சொல்லித் தருவார்.

எவ்வளவு கொடுத்தால் போதும்? மூச்சு திரும்பினால் போதும். எழுந்து உட்கார்ந்து பேச வேண்டும் என்பதில்லை. அளவுக்கு மீறிக் கொடுத்தால் வாந்தி, நடுக்கம், உடல்வலி, பதற்றம் என்று கடும் வித்ட்ராயல் உபாதை வரும். தாங்க முடியாமல் அவர் எழுந்து போய் மறுபடி எடுத்துவிடலாம். நியூயார்க் மாநிலப் போலீசார் 4 மில்லிகிராம், 8 மில்லிகிராம் ஸ்ப்ரேக்களைப் பயன்படுத்தியதை ஒப்பிட்டு 2024-இல் வெளியான அறிக்கையில், பெரிய டோஸ் கூடுதல் உயிர்களைக் காப்பாற்றவில்லை, உபாதையைத்தான் கூட்டியது. மருத்துவமனையில் நரம்பு வழியாகக் கொடுக்கும்போது, பழகிய உடலென்று தெரிந்தால் 0.04 மில்லிகிராம் போன்ற சிறு அளவில் தொடங்கி ஏற்றலாம். மூச்சு கொடுக்கும் பையும் முகமூடியும் கையில் இருக்கிறதே, அவசரம் வேண்டாம்.

மூச்சு வந்ததும் ஒருக்களித்துப் படுக்கவைத்து, கூடவே இருக்க வேண்டும். நலோக்சோனின் வேலை 30 முதல் 90 நிமிடம் வரை. மெத்தடோன் போன்ற நீண்டநேர ஓபியாய்டு அதைத் தாண்டி உடலில் நிற்கும். மூச்சு மறுபடி அடங்கலாம். எழுந்தவருக்கு ஒன்றும் நினைவிருக்காது, கோபமும் வரலாம். "உங்களுக்கு மூச்சு நின்றிருந்தது. மருந்து கொடுத்தோம். கொஞ்ச நேரத்தில் உடம்பு சரியாகும், இப்போது வேறு எதுவும் எடுக்காதீர்கள், நான் இங்கேதான் இருக்கிறேன்" என்று தணிந்த குரலில் சொல்லப் பழக்குங்கள்.

செய்யக் கூடாதவற்றையும் சொல்லுங்கள்: குளிர்ந்த நீரில் அமுக்குவது, உப்புத்தண்ணீர் ஊசி, பால் ஊற்றுவது, வாந்தி எடுக்க வைப்பது, தூங்கித் தெளியட்டும் என்று விட்டுவிடுவது. ஓபியாய்டு இல்லாதவருக்கு நலோக்சோன் போட்டால் ஒன்றும் ஆகாது, ஆகவே சந்தேகமாக இருந்தாலும் போடலாம். சைலசின் என்ற விலங்கு மயக்க மருந்து கலந்த பொருளில் நலோக்சோன் போட்டபின் மூச்சு வந்தும் மயக்கம் தெளியாமல் இருக்கலாம். அங்கே மூச்சைப் பார்த்துக்கொள்வதுதான் வேலை. ஃபென்டனிலைத் தொட்டாலே மயங்கி விழுவோம் என்ற பயம் உதவப்போகும் கையைத் தடுக்கிறது. தோலில் பட்டதால் அப்படி ஆகும் வாய்ப்பு மிக மிகக் குறைவு என்று நச்சியல் மருத்துவர் சங்கங்கள் 2017-இலேயே அறிவித்துவிட்டன, கையுறை போதும்.

படி 6: பேச்சுப் பயிற்சி

பல கல்லூரிகளில் இந்தப் பகுதியைக் கடைசிப் பத்து நிமிடத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் செய்தேன். பொம்மைக்கு அழகாக மூச்சு ஊதிய மாணவர் ஒருவர், அடுத்த மாதம் வார்டில் அதே நிலையில் வந்து பிழைத்தவரிடம் "இப்படி ஏன் பண்ணிக்கிறீங்க?" என்று கேட்டார். அந்த நோயாளி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்று சாயங்காலமே கிளம்பியும் போய்விட்டார். அன்றிலிருந்து பேச்சுக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்குகிறேன்.

சொற்களிலிருந்து தொடங்குங்கள். தமிழில் நாம் சாதாரணமாகச் சொல்வது "போதைக்கு அடிமை". அடிமை என்ற சொல்லுக்குள் சிகிச்சைக்கு இடமே இல்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். மற்ற நோயாளிகளைப் பற்றி "வந்தார், சொன்னார்" என்று பேசும் அதே மாணவர், இவரைப் பற்றிச் சொல்லும்போது "வந்திருக்கான், எடுத்திருக்கான்" என்று மாறிவிடுவார். நம் மொழியில் மரியாதை வினைச்சொல்லின் வாலில் இருக்கிறது. அது உதிர்வதை வகுப்பில் ஒருமுறை சுட்டிக்காட்டினால் போதும், பிறகு அவர்களே ஒருவரையொருவர் திருத்திக்கொள்வார்கள். இது வெறும் நாகரிகம் பற்றிய பேச்சு இல்லை. 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், மனநலத் துறையினர் 500-க்கும் மேற்பட்டவர்களிடம் ஒரே நோயாளியின் விவரத்தை இருவிதமாக எழுதிக் கொடுத்தார்கள். ஒன்றில் அவரைப் போதைப்பொருளைத் தவறாகப் பயன்படுத்துபவர் என்று முத்திரை குத்தியிருந்தது, மற்றதில் பயன்பாட்டுக் கோளாறு உள்ளவர் என்றிருந்தது. முத்திரை விழுந்த விவரத்தைப் படித்தவர்கள்தான் அவர்மேல் அதிகம் பழி போட்டார்கள், தண்டிக்கவும் முனைந்தார்கள். படித்து, பயிற்சி பெற்றவர்களே இப்படி.

பிறகு மூவர் மூவராக உட்கார்ந்து நடித்துப் பழகட்டும்: ஒருவர் டாக்டர், ஒருவர் நோயாளி, ஒருவர் கவனிப்பவர். முதலில் அனுமதி கேட்பது. "பாதுகாப்பு பற்றிக் கொஞ்சம் பேசலாமா?" அப்புறம் நேரான கேள்விகள்.

"எடுக்கும்போது தனியாக இருப்பீர்களா, யாராவது கூட இருப்பார்களா?"

"நடுவில் சில நாள் எடுக்காமல் இருந்ததுண்டா? அதற்குப் பிறகு எவ்வளவு எடுத்தீர்கள்?"

"நலோக்சோன் வீட்டில் இருக்கிறதா? அது எங்கே இருக்கிறது என்று வேறு யாருக்குத் தெரியும்?"

கடைசிக் கேள்வியைத்தான் மாணவர்கள் மறக்கிறார்கள். பூட்டிய அலமாரியில் இருக்கும் மருந்து யாருக்கும் உதவாது.

சீட்டுப்படி வலி மருந்து எடுப்பவரிடம் "ஓவர்டோஸ்" என்று சொன்னால், தன்னைச் சந்தேகிக்கிறார்கள் என்று நினைத்துப் புண்படுவார். அவரிடம், "இந்த மருந்து சிலருக்கு மூச்சைக் குறைத்துவிடும். அப்படி நடந்தால் வீட்டில் இருப்பவர்கள் பயன்படுத்த ஒரு மருந்து தருகிறேன், அவர்களையும் அடுத்த முறை அழைத்து வாருங்கள்" என்று சொல்லலாம். விஷயம் ஒன்றுதான், கதவு வேறு.

படி 7: தீங்கு குறைப்பை விளக்குவது

ஒருவர் இன்று எடுக்கத்தான் போகிறார் என்றால், இன்று அவருக்கு நேரக்கூடிய கேட்டை எப்படிக் குறைப்பது என்று கேட்பதே தீங்கு குறைப்பு. நிறுத்த விரும்பினால் அதற்கும் உதவ வேண்டும். ஆனால் அந்த விருப்பத்தை உதவிக்கு நிபந்தனையாக வைப்பதில்லை. ஆம்ஸ்டர்டாமில் 1984-இல், போதைப்பொருள் எடுப்பவர்களின் சங்கமே ஊசி மாற்றித் தரும் திட்டத்தைத் தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் 1986-இல் கண்காணிப்போடு எடுக்கும் இடம் திறந்தது. கனடாவின் வான்கூவரில் 2003-இல். இவற்றை வரலாறாகச் சொல்லும்போது, பாதிக்கப்பட்டவர்களே இதை முதலில் கட்டினார்கள் என்பதை அழுத்திச் சொல்லுங்கள். மருத்துவம் பின்னால்தான் வந்து சேர்ந்தது.

நோயாளியிடம் சொல்லக்கூடியவை எளிமையானவை: தனியாக எடுக்காதீர்கள், எல்லோரும் ஒரே நேரத்தில் எடுக்காமல் ஒருவர் விழிப்பாக இருங்கள், இடைவெளிக்குப் பிறகு என்றால் மிகக் குறைவாகத் தொடங்குங்கள், மதுவோடும் தூக்கமாத்திரையோடும் கலக்காதீர்கள், புதிய ஊசியையே பயன்படுத்துங்கள், ஃபென்டனில் சோதனைத் தாள் கிடைத்தால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் மாணவர்கள் எதிர்க்கேள்வி கேட்பார்கள். கேட்க வேண்டும். அடக்காதீர்கள். "நலோக்சோன் இருக்கிறதென்று தைரியமாக அதிகம் எடுக்க மாட்டார்களா?" நலோக்சோன் கொடுக்கும் உபாதையை ஒருமுறை அனுபவித்தவர் அதை விரும்பிக் கூப்பிட மாட்டார், மாசசூசெட்ஸில் மருந்து பரவிய ஊர்களில் மரணம் குறைந்ததே, கூடவில்லையே. "நிறுத்தச் சொல்வதை விட்டு ஊசி கொடுப்பதா?" காசநோய் மாத்திரையைப் பாதியில் விட்டவரைத் திட்டித் துரத்துவதில்லை, தேடிப்போய் மறுபடி தொடங்கவைக்கிறோம். திரும்பி வருவதற்கு ஒருவர் உயிரோடும், நம்மேல் நம்பிக்கையோடும் இருக்க வேண்டும். எல்லா மாணவரும் ஒரே வகுப்பில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பரவாயில்லை; மனதுக்கு ஒப்பாவிட்டாலும் நோயாளிக்குச் செய்யவேண்டியதைக் குறையாமல் செய்வேன் என்ற இடத்துக்கு வந்தால் போதும்.

சிகிச்சையும் இதன் தொடர்ச்சிதான். இதற்குச் சிகிச்சையாகக் கொடுக்கும் ஓபியாய்டு மருந்துகளான மெத்தடோன், புப்ரனார்ஃபின் இரண்டும் 2005 முதல் உலக சுகாதார அமைப்பின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கின்றன. சிகிச்சையில் இருக்கும் காலத்தில் மரணம் தெளிவாகக் குறைகிறது. புப்ரனார்ஃபின் ஏற்பியைப் பாதியளவே தூண்டுவதால், தனியாக எடுக்கும்போது மூச்சை ஓரளவுக்கு மேல் அடக்குவதில்லை. உபாதை தொடங்கிய பிறகே முதல் டோஸைக் கொடுக்க வேண்டும், முன்பே கொடுத்தால் அதுவே உபாதையைக் கிளப்பிவிடும். "ஒரு போதைக்குப் பதில் இன்னொன்றா?" என்று கேட்டால், படி 4-இன் தாங்குதிறன் பாடத்துக்குத் திரும்புங்கள். மருந்தில்லாமல் வெறுமனே நிறுத்தவைத்து அனுப்புவது தாங்குதிறனை மட்டும் அழித்து அனுப்புவதாகும்.

அவசரப் பிரிவில் பிழைத்தெழுந்தவரை முகவரிச் சீட்டோடு மட்டும் அனுப்பக் கூடாது. அமெரிக்காவில் 2015-இல் வெளியான ஆய்வில், அவசரப் பிரிவிலேயே புப்ரனார்ஃபின் தொடங்கப்பட்டவர்களில் 78 சதவீதம் பேர் 30 நாளுக்குப் பின் சிகிச்சையில் இருந்தார்கள்; பரிந்துரை மட்டும் பெற்றவர்களில் 37 சதவீதம்தான்.

படி 8: வார்டு இந்தப் பாடத்தை அழித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்

வகுப்பில் கற்றதை வார்டில் ஒரே வாரத்தில் மறக்கவைக்க முடியும். மூத்த டாக்டர் ஒருவர் "இது திருந்தாத கேஸ்" என்று சொன்னால் போதும். ஆகவே பயிற்சி மருத்துவர்களையும் செவிலியர்களையும் இதே கைப்பயிற்சிக்கு அழையுங்கள். ஊசியால் வந்த சீழோ இதயத் தொற்றோ இருப்பவர் பாதியில் கிளம்பிப் போகிறார் என்றால், உபாதைக்கு மருந்து கொடுத்தோமா, வலிக்குக் கொடுத்தோமா என்று முதலில் பார்க்கும் பழக்கத்தை மாணவருக்கு ஏற்படுத்துங்கள். டிஸ்சார்ஜ் தாளில் "நலோக்சோன் கொடுத்தாயிற்றா, யாருக்குச் சொல்லிக்கொடுத்தோம்?" என்று ஒரு வரி சேர்க்க முடிந்தால், பத்துச் சொற்பொழிவுக்கு அது சமம்.

படி 9: மதிப்பீடு

ஓவர்டோஸ் பற்றிய அறிவையும் மனப்பாங்கையும் அளக்கும் இரண்டு கேள்வித்தாள்கள் 2013-இல் வெளியாகிப் பரவலாகப் பயன்படுகின்றன. வகுப்புக்கு முன்னும் பின்னும் கொடுக்கலாம். எனக்கு அதைவிடச் செய்முறைத் தேர்வில் நம்பிக்கை. நோயாளியின் அக்காவாக ஒருவரை உட்காரவைத்து, எட்டு நிமிடம் கொடுத்து, "இவருக்குச் சொல்லிக்கொடுங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள். முடிந்ததும் மதிப்பெண் மாணவருக்கு. செய்துகாட்ட வேண்டியவர் அந்த அக்கா. அவர் பொம்மைக்குச் சரியாக மூச்சு ஊதி, ஸ்ப்ரேயை அழுத்தி, மூன்று நிமிடம் காத்திருந்தால் மாணவர் தேறினார்.

மாசசூசெட்ஸின் நான்கு மருத்துவக் கல்லூரிகள் 2015-இல் ஒன்றுகூடி, மருந்துத் தவறான பயன்பாட்டைத் தடுக்க எல்லா மாணவரும் பெறவேண்டிய 10 அடிப்படைத் திறன்களை வகுத்தன. ஒரே நாளில் எல்லாம் முடியாது, முதலாண்டு முதல் இறுதியாண்டு வரை பரப்ப வேண்டும் என்பவர்களுக்கு அது நல்ல முன்மாதிரி. கைப்பயிற்சி மங்கிவிடும். ஆறு மாதம் கழித்து, முன்னறிவிப்பில்லாமல் வார்டில் ஐந்து நிமிடம் மறுபடி செய்யச் சொல்லுங்கள். பெட்டியில் இருக்கும் நலோக்சோனின் காலாவதித் தேதியையும் அன்றே பாருங்கள்.

ஒரு மணி நேரம்தான் இருக்கிறது என்றால்

மூச்சைப் பற்றிப் பத்து நிமிடம். கைப்பயிற்சி முப்பது நிமிடம், கடிகாரத்தோடு. பேச்சு இருபது நிமிடம், அந்த மூன்று கேள்விகளோடு. வரலாறு, எண்கள், சிகிச்சை எல்லாவற்றையும் படிக்கக் கொடுத்துவிடுங்கள். பொம்மையும் நடித்துப் பழகுவதும் இல்லாமல் ஒரு மணி நேரமும் படக்காட்சி ஓட்டுவதாக இருந்தால், அந்த வகுப்பை வேறொரு நாளுக்குத் தள்ளிவைப்பதே நல்லது.

முடியுமானால் ஒவ்வொரு மாணவர் பையிலும் ஒரு நலோக்சோன் பெட்டியோடு அனுப்புங்கள். அந்த வாரத்துக்குள் வீட்டிலோ விடுதியிலோ யாராவது ஒருவருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, அவர் கேட்ட ஒரு கேள்வியை எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள். அடுத்த வகுப்பை அந்தக் கேள்விகளிலிருந்து தொடங்கலாம்.